மாடுகளும் குதிரைகளும் கடக்கக் கூடாது

மோரக் கிளாஸ்கோக்காரி.
முப்பது வருடம் பேருந்து ஓட்டியவள்.
நாலு மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும்,
அதுவரை அவள் என் பொறுப்பு.
கழுத்தில் தொங்குகிறது என் அட்டை:
உரிமம் பெற்ற வழிகாட்டி.

முதல்முறை வருகிறவர்களுக்கென்றே
ஒரு வரிசை வைத்திருக்கிறேன்,
பதினோரு வருடம் தேய்த்துப் பளபளப்பாக்கியது.
இந்த இடத்தில் 'ஓ' என்பார்கள்,
இங்கே கைப்பேசியை எடுப்பார்கள்,
இங்கே தண்ணீர் கேட்பார்கள்.

உணவங்காடியில் காலி மேசை,
அதன்மேல் ஒரு டிஷ்யூ பொட்டலம்.
"ஆள் வருகிறார்கள் என்று அர்த்தம்," என்றேன்.
"யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்களா?"
"டிஷ்யூவையா, இடத்தையா?"
"இரண்டையும்தான்."
"மாட்டார்கள்."
தலையாட்டினாள், ஏற்கெனவே தெரிந்த சட்டம்போல.
அவள் ஊரில் தெருவில் கிடக்கும் ஒற்றைக் கையுறையை
வேலிக் கம்பியில் செருகிவிட்டுப் போவார்களாம்.
விரித்த ஐந்து விரலோடு அது காத்திருக்குமாம்,
குளிர்காலம் முழுக்க.

அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில்
ஒரு புளோக்கில் கொம்பாங் முழங்க மலாய்க் கல்யாணம்.
அடுத்த புளோக்கில் வெள்ளைத் துணி, ஊதுபத்தி,
மேசைமேல் யாரோ ஒரு முதியவரின் புகைப்படம்.
இரண்டுக்கும் நடுவே
தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல்
பாதி தூக்கியபடியே நடந்தாள்.
'ஓ' வரவில்லை.

சாலைக்கு அந்தப் பக்கம் மழை,
இந்தப் பக்கம் வெயில்.
கையை நீட்டிக் காட்டினேன்.
"மழையைப் பற்றி
எனக்கு நீ சொல்லாதே, கண்ணே."

என் துருப்புச்சீட்டு நீர்நாய்கள்.
ஒன்பது, ஈரம் சொட்டச் சொட்ட
நடைபாதையைக் கடந்தன.
ஒரு காவலாளி கையைத் தூக்கி
மிதிவண்டிகளை நிறுத்தினார்.
"எங்கள் ஆற்றிலும் இருக்கின்றன," என்றாள்.
"ஆனால் யாரும் கை தூக்குவதில்லை."

ரயிலில் அறிவிப்பு தமிழில் வந்தபோது கேட்டாள்:
"இது என்ன மொழி?"
"என்னுடையது."
கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்தாள்.
"எங்கள் நிலையப் பலகைகளில் கேலிக் எழுதியிருக்கும்.
ஒரு வார்த்தை படிக்க வராது எனக்கு."
வீட்டில் என் மகன் இருக்கிறான்.
அவனைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

பிறகு கேவனா பாலம்.
எனக்கு அது பாலமே அல்ல,
மெர்லயனுக்குப் போகும் குறுக்குவழி.
நான் பாதி தாண்டிவிட்டேன். அவள் வரவில்லை.
இரும்புத் தகடு ஒன்றின்முன் நின்று
எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்:
கி ளா ஸ் கோ.

"ஓ," என்றேன்.
நான்தான்.

ஆயிரம் முறை கடந்திருப்பேன்.
குடை பிடித்து, கொடி பிடித்து,
ஐம்பது பேரை எண்ணிக்கொண்டே.
"இந்தப் பட்டறை எங்கே இருந்தது?" என்றேன்.
"தெரியாது," என்றாள். "நான் ஓட்டியது வேறு தடம்."
மரையாணி ஒன்றை விரல் முட்டியால் தட்டினாள்,
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல.

பாலத்து முனையில் பழைய காவல்துறை அறிவிப்பு:
இத்தனை எடைக்கு மேல் வண்டிகள் கூடாது,
மாடுகளும் குதிரைகளும் கூடாது.
"மாடு எப்படிப் படிக்கும்?" என்றாள்.
"சிங்கப்பூர் மாடு. நாலு மொழியும் படிக்கும்."
அவள் சிரித்த சிரிப்பில்
ஓடிக்கொண்டிருந்த ஒருவர்
காதிலிருந்து பாட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பினார்.

கப்பல் போய்விட்டது.
சம்பளம் இல்லாத நேரத்தில் திரும்பி வந்தேன்.
நானும் தட்டிப் பார்த்தேன். இரும்பு சுட்டது.
அறிவிப்பை மேலிருந்து கீழே
இரண்டு முறை படித்தேன்.

அபராதம் எவ்வளவு என்று போடவே இல்லை.
இந்த ஊரில்!
நாளை வருகிற கூட்டத்துக்கு
முதலில் இதைத்தான் காட்ட வேண்டும்.